மண்ணுக்கு உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லித் தந்த பழமொழி. சோற்றிலே உப்பிட்டவருக்கு உரிய நன்றி அது. சரி, மண்ணிலே உப்பிட்டவரை என்ன சொல்வது?

கி.மு. 146-ஆம் ஆண்டு ரோமாபுரிப் படை கார்த்தேஜ் நகரை வீழ்த்தியது. வீடுகள் வெந்தன, மாந்தர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அத்தோடும் ஆத்திரம் அடங்காமல், இனி அந்த மண்ணில் புல்லும் முளைக்கக்கூடாதென்று உப்பைக் கொண்டுவந்து விதைத்தார்கள் என்றொரு கதை உண்டு. இந்தக் கதையை மேடைகளில் நானும் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். பிறகு ஏடுகளைப் புரட்டிப் பார்த்தேன். பண்டைய ஆசிரியர் எவரும் அப்படி எழுதவில்லையாம். பிற்காலத்தார் கட்டிவிட்ட கதையாம் அது! தவறாகச் சொன்னதைத் திருத்திக் கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் தோழர்களே, கார்த்தேஜில் நடக்காதது நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. படையெடுப்பு இல்லை, போர் முரசு இல்லை, வென்றவன் கொக்கரிப்பு இல்லை. ஓசையில்லாமல் மண்ணில் உப்பு விதைக்கப்பட்டிருக்கிறது. தாம்பரத்திலிருந்து கிழக்கே மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று நடந்து போய்ப் பாருங்கள். தெற்கே கேளம்பாக்கம், கோவளம் வரை போய்ப் பாருங்கள். காலி மனைகளிலே வெள்ளை பூத்திருக்கும். வெயில் நேரத்தில் பனி விழுந்ததுபோல் தெரியும். பனியல்ல, தோழர்களே, உப்பு!

தேநீர்க் கடையில் ஒரு வழக்கு

தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. ரயில்வே பணிமனையில் இரவு வேலை முடித்து வந்த இளந்தோழர் ஒருவர் என்னைக் கண்டதும் பெஞ்சில் இடம் விட்டார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அப்பால், அரை கிரவுண்டு மனையில் ஓலையும் ஓடுமாக வீடு கட்டியிருப்பவர். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி நிலம்.

"கத்தரி நட்டேன், அண்ணே. இலை ஓரமெல்லாம் தீய்ஞ்சு போச்சு. வெண்டை போட்டேன், முளைக்கவே இல்ல. எரு வாங்கிக் கொட்டினேன். யூரியா போட்டேன். தண்ணி தினம் ஊத்தறேன். மண்ணு மேல வெள்ளையா பூக்குது. சந்தையில தக்காளி விக்கிற விலைக்கு நாலு செடியாவது வச்சிப் பிழைக்கலாம்னு பார்த்தா, மண்ணே எதிரியா நிக்குது."

பக்கத்திலிருந்த பெரியவர் தேநீரை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "அந்த மண்ணோட தலையெழுத்து அது, தம்பி. உப்பு மண்ணுல உப்புத்தான் விளையும்."

தலையெழுத்து! எத்தனை வழக்குகளை இந்த ஒரு சொல்லைக் கொண்டு தள்ளுபடி செய்துவிட்டோம் நாம்! ஏழை ஏன் ஏழையானான்? தலையெழுத்து. பிள்ளை ஏன் படிக்கவில்லை? தலையெழுத்து. இப்போது மண்ணுக்கும் தலையெழுத்தா? மண்ணுக்குத் தலையும் இல்லை, எழுத்தும் இல்லை. அதற்கு இருப்பது வரலாறு. அந்த வரலாற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

குற்றவாளிக் கூண்டில் நால்வர்

முதல் ஆள் கடல். அதன் மீது குற்றமில்லை. பள்ளிக்கரணைக் கழுவேலி பிறந்ததிலிருந்தே கடலோடு உறவு கொண்டது. மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் அங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். கோடையில் அதே பாதையில் உவர்நீர் உள்ளே வரும். நன்னீரும் உவர்நீரும் முறை வைத்து ஆண்ட நிலம் அது. அங்கே நாணலும் கோரையும் வளர்ந்தன, மீன் பெருகியது, தொலைதூரப் பறவைகள் வந்து தங்கின. அது நோயுற்ற நிலமல்ல. அதன் இயல்பே அதுதான். 2022-இல் ராம்சார் சதுப்பு நிலமாக உலகம் ஒப்புக்கொண்ட இடம் அது. அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,247 எக்டேர். அதை மண்ணடித்து மேடாக்கி, பின்னர் 'கத்தரி முளைக்கவில்லை' என்று அழுவது, மீனைக் கரையில் போட்டுவிட்டு 'நடக்கவில்லையே' என்று திட்டுவதற்குச் சமம். கழுவேலியைக் கழுவேலியாகவே விடுக! நாம் பேசுவது அதன் ஓரத்தில் குடியேறிவிட்ட, குடியேற்றப்பட்டுவிட்ட மக்களின் மண்ணைப் பற்றி. சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கப்பட்ட குடும்பங்களுக்கு, மண்ணைப் பார்த்து மனை தேர்ந்தெடுக்கும் வாய்ப்பா இருந்தது?

இரண்டாவது ஆள், கால்வாய். 1877-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்ற மக்கள் கூலிக்கு மண் சுமந்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவன் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை! படகு போக்குவரத்துக்கு அது பயன்பட்டது உண்மை. கடலின் ஓதம் ஊருக்குள் ஏறிவர வழியானதும் உண்மை. கேளம்பாக்கத்தில் உப்பளம் அமைந்தது அந்த உவர்நீர் இருந்ததால்தானே.

மூன்றாவது ஆள், ஆழ்துளைக் கிணறு. இவன்தான் பெரிய குற்றவாளி. கடற்கரை ஓரத்தில் நிலத்தடியில் நன்னீர் நிறைந்திருந்தால், அது கடல் நீரைத் தள்ளி நிறுத்தும் மதில். அடுக்கு மாடிக்கும் அலுவலகத்துக்கும் லாரி லாரியாக உறிஞ்சினால் மதில் இறங்கும். மதில் இறங்கினால் கடல் உள்ளே வரும். வந்துவிட்டது! அந்த நீரைத்தான் நம் தோழர் நாள்தோறும் அன்போடு கத்தரிக்கு ஊற்றினார். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீர் என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு 20 லிட்டர் ஊற்றினால் 40 கிராம் உப்பு. நூறு நாளில் 4 கிலோ! நீரைக் கதிரவன் குடித்துவிடுகிறான். உப்பு எங்கே போகும்? பாத்தியிலேயே படுத்துக் கொள்கிறது. அவர் தண்ணீர் ஊற்றவில்லை. தன் கையால் தன் மண்ணுக்கு உப்பிட்டார்.

நான்காவது ஆள், தொழிற்சாலைக் கழிவு. குரோம்பேட்டை என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததுதான். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமலிருக்க உப்பிட்டு வருகின்றன. பதனிடுமுன் ஊறவைத்துக் கழுவும் நீரிலே அத்தனை உப்பும் இறங்கும். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. நாகல்கேணிப் பகுதியின் நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் கலந்த கதை ஆராய்ச்சி ஏடுகளில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. தோலைத் தொட்டுக் கை வெந்தவனும் தொழிலாளி. கிணறு கெட்டுத் தவித்தவனும் தொழிலாளி. காலணி போட்டு நடந்தவன் வேறெங்கோ இருந்தான்.

களரும் உவரும் ஒன்றல்ல

இனி வைத்தியத்துக்கு வருவோம். நோய் நாடாமல் மருந்து கொடுப்பவன் மருத்துவனல்ல.

நம் மொழி இந்த நோயை அன்றே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: உவர், களர். உவர் என்றால் நீரில் கரையும் உப்பு மிகுந்த மண். வேரைச் சுற்றி நீர் இருந்தும், உப்பு அதைப் பிடித்து வைத்துக் கொள்ளும். செடி நீருக்கு நடுவே தாகத்தால் சாகும். களர் என்றால் சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்ட மண். துகள்கள் பிரிந்து, குழம்பாகி, காய்ந்தால் பாறையாய் இறுகும். நீரும் இறங்காது, காற்றும் நுழையாது, வேரும் ஊன்றாது.

அமெரிக்க உவர் மண் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேடு இதற்கு அளவுகோல் வகுத்தது. மண் சாற்றின் மின் கடத்துதிறன் 4 டெசிசீமன்சுக்கு மேல் போனால் உவர். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, மண் துகளில் ஒட்டிய சோடியம் நூற்றுக்கு 15-ஐ மிஞ்சினால் களர். இரண்டும் சேர்ந்த மண்ணும் உண்டு. 1969-இல் தொடங்கி, கர்நாலில் இயங்கும் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஏறத்தாழ 67 லட்சம் எக்டேர் நிலம் உப்பால் கெட்டிருக்கிறது. தமிழகத்தின் பங்கு சுமார் 3 லட்சத்து 68 ஆயிரம் எக்டேர். அதில் மூன்றரை லட்சம் எக்டேருக்கு மேல் களர். உவர் 13 ஆயிரம் எக்டேர்தான்.

ஆய்வுக்கூடம் போகுமுன் வீட்டிலேயே பார்க்கலாம். மேலே வெள்ளை பூத்தால் உவர் என்று சந்தேகப்படுங்கள். கருமை படர்ந்து, மழை நீர் நாட்கணக்கில் கலங்கலாகவே தேங்கி நின்றால் களர் என்று சந்தேகப்படுங்கள். காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் மழை நீரூற்றி அசைக்காமல் போடுங்கள். மறுநாள் கட்டியைச் சுற்றி நீர் பால்போல் கலங்கி நின்றால், சோடியம் உள்ளே குடியிருக்கிறது. உறுதி செய்ய அரசு மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. நம் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. மண்ணோடு நீரையும் கொண்டுபோங்கள். மண்ணைச் சோதித்துவிட்டு நீரை மறந்தவன், ஓட்டைக் குடத்துக்கு ஈயம் பூசியவன்.

வள்ளுவர் கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார். இருக்கிறார் என்பதன்றிப் பயன் இல்லை என்றார். ஒப்புக் கொள்கிறேன். ஆனால் கல்லாதவன் பிறவியிலேயே கல்லாதவனா? பள்ளி திறந்தால் கற்கிறான். களரும் அப்படித்தான். அதற்கும் ஒரு பள்ளிக்கூடம் உண்டு.

ரயில் பெட்டியில் ஒரு பாடம்

களருக்கு மருந்து ஜிப்சம். அது எப்படி வேலை செய்கிறது? காலையில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலை நினைத்துக் கொள்ளுங்கள். களிமண் துகள்தான் பெட்டி. இருக்கைகளிலெல்லாம் சோடியம் உட்கார்ந்திருக்கிறது. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் பெட்டிக்குள் ஏறுகிறது. அதற்கு இரட்டை மின்னூட்டம். ஆகவே இரண்டு சோடியம் எழுந்தால்தான் ஒரு கால்சியம் உட்காரும். எழுந்த சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து நிற்கிறது. எல்லாம் சரி. ஆனால் கதவு திறக்கவில்லையென்றால்? எழுந்தவன் பெட்டிக்குள்ளேயே நின்று, இடம் காலியானதும் மறுபடி உட்காருவான்! மண்ணுக்குக் கதவு என்பது வடிகால். எழுப்பப்பட்ட சோடியத்தை நல்ல நீர் விட்டு வேருக்குக் கீழே இறக்கி, வாய்க்கால் வழியே வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது கதவில்லாத ரயிலில் பயணிகளை எழுப்புவது.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வீட்டுக் கொல்லையில் வெள்ளை பூத்தது. உரக்கடை ஒன்றில் கேட்டேன். "உப்பு மண்ணா? ஜிப்சம் போடுங்க, பத்து நாளில் பச்சைப் பசேல்" என்றார்கள். மூட்டை மூட்டையாக வாங்கி, தலைவர் பிறந்தநாள் விழாவுக்குத் தோரணம் கட்டுகிற உற்சாகத்தோடு தூவினேன். பத்து நாளும் போயிற்று, மாதமும் போயிற்று. பச்சையும் இல்லை, பசேலும் இல்லை. அம்மா கேட்டார்: "பேப்பர்ல ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே, மண்ணை ஒரு வாட்டி சோதிச்சுப் பார்த்தியாடா?" சோதித்தேன். களரே இல்லை, வெறும் உவர். உவருக்கு ஜிப்சம் மருந்தல்ல. ஜிப்சமும் ஓர் உப்புதான்; உப்புக்கு மேல் உப்பைக் கொட்டியிருக்கிறேன்! சோதிக்காமல் விற்றவர் மீது பாதிக் குற்றம். சோதிக்காமல் வாங்கிய என் மீது மீதிப் பாதி.

உவருக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலும்தான். ஓரடி ஆழ மண்ணில், ஓரடி உயர நல்ல நீர் ஊடுருவிக் கீழே இறங்கினால், உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழுவப்படும் என்பது மண்ணியலார் கையாளும் பொதுக் கணக்கு. அவ்வளவு நீருக்கு எங்கே போவது என்கிறீர்களா? அண்ணாந்து பாருங்கள்! சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிறது. இரண்டடிக்கு மேல் நன்னீர், இலவசமாக, வீடு தேடி வருகிறது. 500 சதுர அடிக் கூரையில் ஓராண்டில் விழும் நீர் 60 ஆயிரம் லிட்டருக்கு மேல். 2003-இல் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பொருத்தினோம், அதிகாரி வந்து பார்த்தார், பிறகு பல வீடுகளில் எலி குடியேறியது. 2015 டிசம்பரில் முடிச்சூரில் கழுத்தளவு வெள்ளம். 2019 ஜூனில் குடத்தோடு வரிசை. மழைக்காலத்தில் மூழ்குகிறோம், கோடையில் வறள்கிறோம்; நடுவிலே உப்பு சிரிக்கிறது!

ஆகவே புரட்டாசியிலேயே பாத்தியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள். மண்ணைக் கொத்தி விடுங்கள். ஓரத்தில் ஒரு முழ ஆழத்தில் வடிகால் வெட்டுங்கள். விழுகிற மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்கி, அடியிலே வடிந்து போகட்டும்.

களர் என்று உறுதியானால், மழைக்கு முன்பே ஜிப்சம். எவ்வளவு? சோதனை சொல்லும். சோதனை காட்டும் முழுத் தேவையில் பாதி அளவு இட்டாலே போதும் என்பது நம் வேளாண் துறையினர் நெடுநாளாகத் தரும் பரிந்துரை. கெட்டுப்போன களர் வயலுக்கு எக்டேருக்கு 10 முதல் 15 டன் வரை போகும். 10 டன் என்றால் சதுர மீட்டருக்கு 1 கிலோ; நம் தோழரின் பத்தடிக்குப் பத்தடிக்கு ஏறத்தாழ 9 கிலோ. பொடியாக இட்டு, மேல் நான்கு அங்குலத்தில் மட்டும் கிளறி, நீர் தேக்கி, வடித்து, மறுபடி தேக்க வேண்டும். ஜிப்சம் பெரம்பலூர் பக்கத்துக் காரை, ஊட்டத்தூர்ப் பகுதிகளில் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அதைவிட வியப்பு: உப்பளத்தில் கடல் நீர் காயும்போது, உப்பு படிவதற்கு முன்னால் ஜிப்சம் படிகிறது. தீமை தந்த கடலே மருந்தையும் தருகிறது; முந்திக்கொண்டு தருகிறது!

தக்கைப்பூண்டும் சாணமும்

மருந்து மட்டும் போதாது, உணவும் வேண்டும். தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கி வளரும் பயிர். முதல் மழையில் விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுதுவிட வேண்டும். அதன் வேர் மண்ணைத் துளைக்கிறது. அழுகும்போது எழும் கரியமில வாயு, மண்ணிலேயே தூங்கிக் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை எழுப்புகிறது. காசில்லாத ஜிப்சம்! மக்கிய சாணமும் இலைதழையும் களித்துகள்களைக் கோத்து, நீர் இறங்க வழி செய்கின்றன.

எச்சரிக்கைகள் சில. தென்னை நார்க்கழிவு நல்லதுதான். ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நாரில் உப்பு இருக்கும். அலசி, மக்க வைத்துப் பிறகே இடுக. கோழி எரு உப்பு மிகுந்தது. கை நிறைய அள்ளாதீர். வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்து விடும் நீரை 'வீணாகிறதே' என்று செடிக்கு விடுகிறோம். சுத்தமான நீரில் இல்லாத உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது! மாடியில் பொருத்தும் கடின நீர் மாற்றும் கருவியோ இன்னும் மோசம். அது கறியுப்பைத் தின்று, நீரிலுள்ள கால்சியத்தைப் பிடுங்கி, சோடியத்தைக் கொடுக்கிறது. ஜிப்சம் செய்யும் வேலைக்கு நேர் எதிர் வேலை. அந்த நீர் தோட்டத்துக்கு ஆகாது.

மாலைதோறும் கைப்பிடி நீர் தெளிப்பது செடிக்குச் செய்யும் துரோகம். அது கீழே இறங்காது. ஆவியாகி உப்பை மேலே இழுத்துக் கொண்டுவரும். ஊற்றும்போது வேரைத் தாண்டி இறங்கும்படி ஊற்றுங்கள். வைக்கோலோ சருகோ போட்டு மண்ணை மூடுங்கள். பார் அமைத்தால் உச்சியில் நடாதீர்கள், உப்பு அங்கேதான் ஏறி உட்காரும், சரிவில் நடுங்கள்.

எதை நடுவது என்பதிலும் அறிவு வேண்டும். அவரை, கேரட், வெங்காயம், முள்ளங்கி, கத்தரி ஆகியவை உப்பைக் கண்டால் அஞ்சும். தக்காளி ஓரளவு தாங்கும். பீட்ரூட், காராமணி, பருப்புக்கீரை ஆகியவை நன்றாகத் தாங்கும். கொத்தவரை அவற்றையும் மிஞ்சிய வீரன். முதல் ஆண்டு வீரர்களை முன்னணியில் நிறுத்துங்கள். மண் தெளிந்த பிறகு கத்தரியை அழையுங்கள். நம் தோழர் செய்த பிழை, முதல் நாள் போருக்கே குழந்தையை அனுப்பியது.

ஒன்று மட்டும் மறவாதீர். தோல் கழிவு படிந்த இடத்தில் உப்பு மட்டுமல்ல, குரோமியமும் இருக்கும். அதை ஜிப்சமும் சாணமும் போக்கா. அங்கே சோதனை முடிவு வராமல் கீரை வளர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அந்த மண்ணைத் திருத்தும் செலவு, அதைக் கெடுத்தவர் கணக்கில் எழுதப்பட வேண்டியது. குடியிருப்பவன் கணக்கில் அல்ல.

மூழ்கியவர் எழுந்த கதை

நடக்குமா என்று ஐயுறுவோருக்கு நாகப்பட்டினத்தைக் காட்டுவேன். 2004 டிசம்பர் 26. கடல் எழுந்து வந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கழனிகளில் உவர்ச் சேற்றை விட்டுப் போனது. பல ஆண்டுகளுக்கு அங்கே எதுவும் விளையாது என்று பேசியோர் பலர். வேளாண் துறை ஜிப்சத்தையும் பசுந்தாள் விதையையும் கையிலெடுத்தது. நம்மாழ்வார் தம் தோழர்களோடு சென்று, சேறு அகற்றி, வாய்க்கால் வெட்டி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்க உழவர்களுக்குத் துணை நின்றார். 2005-இன் பெருமழை மீதியைக் கழுவியது. விளையாது என்ற மண்ணில் நெல் மறுபடி தலை சாய்த்தது.

கடலுக்கு அப்பாலும் சான்று உண்டு. 1953-இல் வட கடல் பொங்கி ஆலந்து நாட்டின் வயல்களை மூழ்கடித்தது. டச்சு உழவர்கள் நீரை இறைத்துவிட்டு, ஜிப்சத்தைத் தூவி, மண்ணை மீட்டார்கள். பஞ்சாபிலும் அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் கர்நால் நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு பல லட்சம் எக்டேர் களர் நிலம் ஜிப்சத்தால் கழனியாயிற்று. நம் திருச்சியில், அன்பில் தருமலிங்கம் பெயர் தாங்கிய வேளாண் கல்லூரி களர் மண்ணின் நடுவிலேயே அமர்ந்து, களர் தாங்கும் நெல் வகைகளை ஈன்றிருக்கிறது. மாறாக, பண்டைச் சுமேரியாவில் பாசனம் செய்தவர்கள் வடிகாலை மறந்தார்கள்; மண்ணில் உப்பேறியது; கோதுமை குறைந்தது, பார்லி மிஞ்சியது; பிறகு நகரங்களும் தேய்ந்தன என்று வரலாற்று ஆய்வாளர் சிலர் எழுதியிருக்கின்றனர்.

செய்ய வேண்டியது என்ன?

2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதனுள் அடங்கின. மாநகராட்சி என்றால் சாலையும் விளக்கும் மட்டுமா? வார்டுக்கு ஒரு நாள் மண்ணும் நீரும் சோதிக்கும் முகாம் வைக்கலாம். பூங்காக்களில் மக்கும் குப்பையை எருவாக்கி, அதன் உப்பளவைச் சோதித்து, மக்களுக்குத் தரலாம். ஏரிகளின் வாயையும் மடுவின் வாயையும் அடைத்தவர்களைக் கேள்வி கேட்கலாம். கேட்பது யார்? நாம்தான்! சுவரொட்டி ஒட்டும் கைக்கு மண்வெட்டியும் பிடிக்கத் தெரியும். கிளைக்கு ஒரு பாத்தி. கிளை அலுவலகத்தின் பின்புறத்தில், எல்லாரும் பார்க்க. பேசுவதை விட அது நன்றாகப் பேசும்.

அந்த இளந்தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மண்ணைச் சோதித்தார். உவரும் களரும் கலந்திருந்தது. அளவு கேட்டு ஜிப்சம் இட்டார், வரப்பு கட்டினார், வடிகால் வெட்டினார், ஆழ்துளை நீரை நிறுத்தி, கூரை நீரைத் தொட்டியில் பிடித்தார். ஒரு பருவ மழை போயிற்று. தை பிறந்ததும் ஒரு நாள் காலை, அதே பெஞ்சில், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். பிரித்தேன். பருப்புக்கீரை, கூடவே ஒரு பிடி கொத்தவரை.

"கத்தரி இன்னும் வரல, அண்ணே. ஓரம் தீயிறது மட்டும் குறைஞ்சிருக்கு. அடுத்த மழைக்கு அப்புறம் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க."

பெரியவர் ஒரு தண்டை எடுத்து மென்று பார்த்தார். "கொஞ்சம் உப்புக் கரிக்குதே, தம்பி" என்றார்.

"அதனாலென்ன, ஐயா? குழம்புக்கு உப்பு மிச்சம்!" என்றார் தோழர்.

பெரியவர் சிரித்தார். தலையெழுத்தைப் பற்றி அன்று அவர் பேசவில்லை. புரட்டாசிக்கு முன் தன் வீட்டுக் கொல்லை மண்ணையும் ஒரு பையில் கட்டிக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

தோழர்களே, நீங்களும் கட்டிக் கொண்டுவாருங்கள்!